நல்ல நேரத்தில் கிளம்பிய பைகள்

பனிக்காலத்தில் எங்கள் கோயில் வாசலில் பூட்ஸைக் கழற்றி வைத்தால், திரும்பி வரும்போது காலை உள்ளே விட முடியாது, அவ்வளவு சில்லிப்பு. நான் மடப்பள்ளி வேலையை முடித்துவிட்டு எல்லோருக்கும் கடைசியாக வெளியே வருவேன். என் பூட்ஸ் மட்டும் இதமாகச் சூடாக இருக்கும். சுவாமி அருள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் தீபாராதனை நேரத்தில் எட்டிப் பார்த்தால், வெள்ளியங்கிரி தம்பி என் பூட்ஸைத் தூக்கிப்போய் ஹீட்டர் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தது அவருக்குத் தெரியாது. சுவாமி அருள் என்று நினைத்ததையும் நான் மாற்றிக்கொள்ளவில்லை.

தம்பிக்குப் பொள்ளாச்சிப் பக்கம். நியூஜெர்ஸியில் ஒரு குழாய்க் கம்பெனியில் படம் வரைகிற வேலை. எங்கள் ஊரான ஐசலினில் கடைக்குப் போவதானாலும் நடந்தேதான் போவார். நம் ஜனங்கள் காரை ஓரம் கட்டி, "வண்டி ரிப்பேரா?" என்று விசாரிப்பார்கள். "இல்லீங்க, காலு நல்லா இருக்குதுங்க" என்பார். ஏதோ கஷ்டம், மறைக்கிறார் என்று பேசிக்கொள்வார்கள்.

அவர்தான் கோயில் யூத் குரூப்பை நடத்தினார். சனிக்கிழமை சாயங்காலம் ஹாலில் பிள்ளைகள் கூடுவார்கள், பாடுவார்கள், விளையாடுவார்கள். அது கமிட்டித் தலைவர் ராமசுப்ரமணியன் சாருக்குப் பொறுக்கவில்லை. அந்த ஹாலில் எஸ்.ஏ.டி. பரீட்சைக்குக் கிளாஸ் நடத்தினால் நாலு பிள்ளைகள் நல்ல காலேஜுக்குப் போகும் என்பது அவர் கட்சி. தொண்ணூற்றெட்டாம் வருஷம் தம்பி, பிள்ளைகளை ரயிலில் மலைக்குக் கூட்டிப்போய் ஒரு ராத்திரி தங்கவைக்க அனுமதி கேட்டார்.

"போங்கோ. ஆனா ஒரு கம்ப்ளைண்ட் வந்தாலும் ஹால் எஸ்.ஏ.டி.க்கு. சம்மதமா?" என்றார் சார்.

"சம்மதமுங்க. எனக்கும் ஒண்ணு இருக்குதுங்க. அவங்கவங்க பையை அவங்கவங்களே தூக்கோணும். அப்பா அம்மா யாரும் வரக்கூடாது."

பெண் பிள்ளைகளுக்குத் துணை வேண்டுமென்று என்னைச் சேர்த்தார்கள்.

ரயில் சனிக்கிழமை ஒன்பதரைக்கு. மளிகைக் கடையில் கொடுத்த காலண்டரைப் பார்த்துவிட்டு சாரின் சம்சாரம் அபயாம்பாள் எல்லா வீட்டுக்கும் போன் பண்ணினார். "ஒன்பதுலேர்ந்து பத்தரை ராகு காலம். குழந்தேளை எப்படி அனுப்பறது?" இந்தியாவின் ராகு காலமா, நியூஜெர்ஸி ராகு காலமா என்று இரண்டு நாள் விவாதம் நடந்தது. கடைசியில் பரஸ்தானம் வைப்பது என்று முடிவானது. அதாவது, நல்ல நேரத்தில் மூட்டையை மட்டும் வீட்டைவிட்டு வெளியே அனுப்பிவிட்டால் ஆளே கிளம்பினதாகக் கணக்கு. பிறகு எப்போது புறப்பட்டாலும் தோஷமில்லை. அதன்படி காலை ஏழரைக்கு எல்லாப் பைகளும் கோயில் ஹாலில் வரிசையாக உட்கார்ந்தன. குருக்கள் கற்பூரம் காட்டினார். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, என் துணிப்பையோடு ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன்.

ஒன்பதே காலுக்கு எல்லாக் கார்களும் மெட்ரோபார்க் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டன. பிள்ளைகள் இறங்கினார்கள். கையை வீசிக்கொண்டு இறங்கினார்கள்.

"பையெல்லாம் எங்கீங்க?" என்றார் தம்பி. அவர் பையோடு வீட்டிலிருந்து நேராக நடந்தே வந்திருந்தார்.

"நீங்க வேன்ல கொண்டு வரலியா?" என்றார் அபயாம்பாள்.

"ஏதுங்க வேனு?"

ஒவ்வொருவரும் இன்னொருவரைப் பார்த்தார்கள். எல்லோரும் பெரிய படிப்பு, பெரிய உத்தியோகம். பை கிளம்பின நிம்மதியில் அதை எடுக்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சாஸ்திரத்தின் மேல் குற்றமில்லை. பையை வெளியே வை என்றுதான் சொன்னது, விட்டுவிட்டு வா என்று சொல்லவில்லை.

சார் முகத்தில் வருத்தம் தெரிந்தது, ஓரத்தில் கொஞ்சம் சந்தோஷமும் தெரிந்தது. "கேன்சல் பண்ணிடலாம் வெள்ளியங்கிரி. நான் அப்பவே சொன்னேன்."

தூரத்தில் ரயில் வெளிச்சம். இன்றைக்குத் திரும்பிப் போனால் யூத் குரூப் அதோடு சரி. தம்பியின் மகள் வெண்பா அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தம்பி பதறவில்லை. "பைதான் நல்ல நேரத்துல கிளம்பிருச்சுங்களே, சார். வந்து சேர்ந்துரும். மறந்தது பசங்க இல்லீங்க, அதனால பசங்க போகட்டும். கொண்டு வர்றது உங்க பொறுப்பு." பிள்ளைகளைப் பார்த்து, "ஏறுங்க கண்ணு" என்றார்.

ரயிலில் டிக்கெட் பார்க்க வந்தவர் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். முதுகில் பை மாட்டி மலையேறும் பேக்பேக்கிங் என்றார்கள் பிள்ளைகள்.

"பேக் எங்கே?"

"தே லெஃப்ட் பிஃபோர் அஸ்" என்றாள் வெண்பா. அவர் டிக்கெட்டில் ஓட்டை போட்டுவிட்டுப் போனார்.

வண்டி மாறி மலையடிவாரத்தில் இறங்கி, மேலே ராத்திரி தங்கவேண்டிய கல் கொட்டகைக்கு ஏறினோம். பிள்ளைகள் வெறுங்கையோடு மான்குட்டி மாதிரி ஏறின. எனக்கு மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் முருகா என்றேன், அவனும் ஏற்றிவிட்டான்.

சாயங்காலம் கீழே மரங்களுக்கு நடுவே சத்தம் கேட்டது. அப்பாமார்கள். கார் அடிவாரத்தோடு நின்றுவிட்டதால், ஆளுக்கு ஒரு பையைச் சுமந்து வருகிறார்கள். முன்னால் ராமசுப்ரமணியன் சார், ஆபீஸ் ஷூவோடு. அப்படியே பாறைமேல் சரிந்தார்.

அவர் பையன் அனிருத் ஓடிவந்து, "அப்பா, யூ ஹாவ் டு டை த பெல்ட்" என்று இடுப்பு வாரைக் காட்டினான்.

"அதை அங்கேயே சொல்றதுக்கென்னடா?"

அவர் சுமந்து வந்த பையைத் திறந்தோம். பிரஷர் குக்கர், இரண்டு தேங்காய், ஜமக்காளம். அடியில் செங்கல் மாதிரி எஸ்.ஏ.டி. புத்தகம்.

"இதை யார் வெச்சது?" என்றார் சார்.

"நீதாம்ப்பா" என்றான் அனிருத், தமிழிலேயே.

தம்பி சிரிக்கவில்லை. தண்ணீர் கொடுத்தார், சாரின் ஷூவைக் கழற்றிக் காலை ஓடையில் விடச் சொன்னார். நான் புளியோதரை பரிமாறினேன். வரக்கூடாது என்று சொல்லப்பட்டவர்கள் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்கள். இருட்டுகிறது என்று தம்பிதான் அவர்களைக் கிளப்பி அனுப்பவேண்டியிருந்தது.

அடுத்த கமிட்டியில் கம்ப்ளைண்ட் ஒன்றும் வரவில்லை. யார் கொடுத்தாலும், பையை மறந்த தன் வீட்டின் பேரில்தான் கொடுக்கவேண்டும். எஸ்.ஏ.டி. ஞாயிற்றுக்கிழமைக்குப் போயிற்று. சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அடுத்த ட்ரிப்புக்கு ஃபாதர்ஸ் வரலாமா?" என்று கேட்டார். "அவங்கவங்க பையை..." என்று தம்பி ஆரம்பித்ததும், "தெரியும், தெரியும்" என்றார்.

இரண்டாயிரத்தொன்றில் தம்பியைக் கம்பெனியில் டெக்ஸாஸில் கேட்டி என்ற ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே மலை என்று பேருக்குக்கூட இல்லையாம். விமானத்துக்குப் போகிற வழியில் என் அபார்ட்மெண்டுக்கு வந்தார். தோளில் அந்தப் பழைய மலைப் பை. அதை இறக்கி என் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"என்ன தம்பி, இதை மறந்துட்டுப் போறீங்களா?" என்றேன்.

"மறக்கலீங்க்கா. இங்கயே இருக்கட்டும். திரும்பி வர்றதுக்குப் பரஸ்தானம்."