முதல் அலசுத் தண்ணீர்

என் அத்தை செய்யாத குற்றத்தைச் செய்ததாக நான் கோயிலில் பொய் சொன்னேன். அப்போது எனக்குப் பத்து வயது. வயதைச் சொல்வது சலுகை கேட்பதற்காக அல்ல. எது பொய் என்று பத்து வயதில் நன்றாகவே தெரியும்.

புதுச்சேரியில் எங்கள் பங்குக் கோயிலில் நான் பூசைக்கு உதவி செய்யும் பையன். பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறியிருந்த புதிது. அப்பா மெரியில், அதாவது நகராட்சியில், குமாஸ்தா. அம்மா காலைப் பூசைக்கு ஒருநாளும் தவறியதில்லை. இப்படிப்பட்ட குடும்பத்துக்கு அப்பாவின் தங்கை ஒருத்தியே தலைகுனிவு. வைத்திக்குப்பத்து மீனவர் ஒருவரோடு, கோயிலில் தாலி கட்டாமலே போய்விட்டவள். அவர் கடலில் இறந்த பிறகு திரும்பி வந்து, எங்கள் தெருக்கோடியில் ஒற்றை அறையில் குடியிருந்தாள். பெரிய மார்க்கெட்டில் கருவாடு விற்றாள்.

கோயிலில் பீடத் துணிகளைத் துவைத்துவந்த அம்மாள் இறந்துபோனார். சம்பளமில்லாத வேலை, ஆனால் அதைவிடப் பெரிய கௌரவம் எங்கள் பங்கில் பெண்களுக்குக் கிடையாது. அது அம்மாவுக்குத்தான் வரும் என்று தெருவே எண்ணியிருந்தது. பங்குச் சாமியார் அதை அத்தையிடம் கொடுத்தார்.

“தபசு காலம் நாப்பது நாளும் ஒருவேள சோத்தோட ஒருசந்தி இருக்கறவ நானு. கருவாட்டுக் கூடை தூக்கறவளுக்குக் குடுத்திருக்காரு” என்று அம்மா அடுப்பிடம் சொன்னாள்.

“சாமிகிட்டயே போய்க் கேளேன்” என்று அப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

எனக்கும் அது விளங்கவில்லை. அத்தையிடமே கேட்டேன். “எனக்கு மட்டும் தெரியுமாடா? ‘நான் கருவாடு விக்கறவ சாமி’ன்னு சொன்னேன். ‘கையக் கழுவிட்டு வா’ன்னாரு. அவ்ளோதான்” என்று சிரித்தாள்.

அந்தத் துணிகளுக்கு ஒரு முறை உண்டு. பூசையில் அவற்றின்மேல்தான் நற்கருணை, இயேசுவின் உடலாக நாங்கள் வணங்கும் அப்பம், இருக்கும். கண்ணுக்குத் தெரியாத துகள் ஒட்டியிருக்கலாம். அதனால் முதல் அலசுத் தண்ணீரைச் சாக்கடையில் விடக்கூடாது. கால் படாத மண்ணில்தான் ஊற்ற வேண்டும். மூட்டையைக் கொண்டுபோய்க் கொடுப்பது நான் என்பதால் அத்தை துவைப்பதைப் பார்த்திருக்கிறேன். எலுமிச்சைத் தோலால் கை சிவக்கும்வரை தேய்ப்பாள். பிறகுதான் துணியைத் தொடுவாள். முதல் தண்ணீரைச் செம்பருத்தியின் வேரில், சத்தம் வராமல் ஊற்றுவாள்.

ஒருநாள் பூசைக்கு முன், என்னோடு உதவி செய்யும் பையன் மூக்கைப் பொத்திக்கொண்டான். “டேய், பீடத்துல நெத்திலி வாசம் அடிக்குதுடா! நாளைக்கு வாளக் கருவாட்டு வாசம் வர்ற மாதிரி தொவைக்கச் சொல்லுடா ஒங்க அத்தைய.” மற்றவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பூசை முடிந்து சாமியார் உடைகளைக் கழற்றும்போது நான் அவர் அருகில் போய் நின்றேன்.

“சாமி, அத்தை அந்தத் தண்ணிய சாக்கடையில ஊத்துது.”

“நீ பாத்தியா?”

“பாத்தேன் சாமி.”

அன்று மாலை அத்தையை அழைத்துக் கேட்டார். நான் அலமாரி ஓரமாக நின்றிருந்தேன். “இல்ல சாமி, செடிக்குத்தான் ஊத்தறேன்” என்றாள். “பாத்தவங்க சொல்றாங்களேம்மா” என்றார் அவர். அத்தை என்னை ஒருமுறை பார்த்தாள். யார் பார்த்தது என்று கேட்கவில்லை. அடுத்த வாரம் மூட்டை அம்மாவிடம் வந்தது.

அம்மா புதுப் பித்தளைத் தாம்பாளம் வாங்கினாள். இஸ்திரி போடும்போது பாடினாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. மூட்டையோடு அத்தையின் வாசலைக் கடக்கும்போதெல்லாம் நடையை எட்டிப் போடுவேன். “பாத்துப் போடா, கீழ போட்டுறாத” என்று உள்ளிருந்து குரல் வரும். திட்டியிருந்தால் தேவலை. நன்மை வாங்க, அந்த நற்கருணை அப்பத்துக்காக நாக்கை நீட்டும்போது, பொய் சொன்ன நாக்கு இங்கேயே, எல்லார் எதிரிலும் வெந்துபோகும் என்று நடுங்குவேன். வேகவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

சனிக்கிழமை, பாவங்களைக் குருவிடம் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சல்லடைத் தட்டிக்கு அப்பால் இருந்தவர் அதே சாமியார். சொல்லிவிட்டேன்.

“இத நீ வெளியில வந்து எங்கிட்ட சொல்லணும்பா. இங்க கேட்டதப் பத்தி நான் வெளியில வாயத் தொறக்க முடியாது.”

“அதான் சொல்லிட்டேனே சாமி.”

பெருமூச்சு கேட்டது. “வெளியில சொல்லு. சரியா?” என்றார். “சரி சாமி” என்றேன். பாவமன்னிப்பும் கொடுத்தார்.

என் கணக்கில் விஷயம் முடிந்துவிட்டது. அவருக்குத் தெரிந்துவிட்டது, இனி மூட்டையை அத்தைக்கு அனுப்புவார், அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்பது மட்டுமே என் பயம். ஆனால் மூட்டை அம்மாவுக்கே வந்தது. அடுத்த வாரமும் வந்தது. தினமும் பூசை முடிந்தபின் சாமியார் உடைகளை அவசரமில்லாமல் மடிப்பார். மற்றப் பையன்கள் ஓடிவிடுவார்கள்; நானும் அவரும்தான் இருப்போம். அவர் எதுவும் கேட்கமாட்டார். நானும் எதுவும் சொல்லமாட்டேன். தெரிந்தும் ஏன் சும்மா இருக்கிறார் என்று மனதுக்குள் அவர்மேல் கோபப்பட்டேன். ஒரு வருடம் இப்படியே போயிற்று. பிறகு அவரைக் காரைக்காலுக்கு மாற்றிவிட்டார்கள்.

பள்ளி இறுதி வகுப்பில்தான், ஞானோபதேசப் பாடத்தில், பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு உயிரே போனாலும் சொல்லக்கூடாது, அதை வைத்து எதுவும் செய்யவும் கூடாது என்று படித்தேன். பெஞ்சில் உட்கார முடியவில்லை. வாயடைத்துக் கிடந்தவர் அவர். திறக்க வேண்டிய வாய் என்னுடையது.

அன்று மாலையே அம்மாவிடம் சொன்னேன். அவள் என்னை அடிக்கவில்லை. துணி மூட்டையை எடுத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு அத்தையின் அறைக்குப் போனாள். வாசலிலேயே முழங்காலிட்டுவிட்டாள்.

“எழுந்திரு அண்ணி, தெருவுல பாக்கறாங்க” என்று அத்தை பதறினாள்.

“இது ஒன்னோடது. புடி.”

அத்தை மூட்டையைத் தொடவில்லை. “நீயே தொவை. நான் எதப் பண்ணி இத வாங்கினேன், என்னோடதுங்கறதுக்கு? எனக்கும் சும்மாதான் குடுத்தாரு, ஒனக்கும் சும்மாதான்.” பிறகு என்னைப் பார்த்து, “இவன பீடத்துலேருந்து எறக்கிடாதீங்க. நிக்கட்டும்” என்றாள்.

புதுச் சாமியாரிடமும், கோயில் வாசலில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அத்தையைக் கூப்பிட்டனுப்பினார். அத்தை வரவில்லை. கடைசிவரை பூசைக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போனாள். அம்மா துவைத்தாள்; ஆனால் பாடவில்லை.

பூசையில் குரு கை கழுவும் நேரம் ஒன்று உண்டு. கிண்ணத்தைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றுவது நான். தகுதியான பையன் என்பதால்தான் அங்கே நிற்கிறேன் என்று அந்த ஒரு வருடமும் நம்பிக்கொண்டிருந்தேன். ஊற்றும் கை யாருடையது என்று தெரிந்தே, அந்தச் சாமியார் தினமும் காலையில் என்முன் விரல்களை நீட்டிக்கொண்டிருந்தார்.