தடவச் சொன்னாங்களாம்

சப்ரி பேச்சில் கஞ்சன். சாய்ந்தமருதில் ஐஸ் பெக்டரி வைத்திருக்கிற எல்லோருக்கும் அது தெரியும். கம்பிரசர் நின்றுபோனால் அவனுக்குத்தான் போன் போகும். வருவான், குனிந்து காது கொடுத்துக் கேட்பான், ஒரு சொல்லில் கோளாறைச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குவான். வரிப்பத்தான்சேனையில் வயல்காரர் வீட்டுப் பிள்ளை. அம்பாறைக்குப் போய்க் குளிரூட்டல் தொழில்நுட்பம் படித்தான். கூடவே சிங்களமும் படிந்தது. ஸம்றாவைக் கட்டிய நாளிலிருந்து, இந்தப் பக்கத்து ஆண்களைப் போலவே மனைவியின் வீட்டில் இருக்கிறான். வீடு அவளுடையது. அடுப்படி மாமி கமீலாவுடையது. அவனுக்கென்று இருந்தது முன்வாசலில் மோட்டார் சைக்கிள் நிறுத்துகிற இடம்.

மகள் அப்னா பிறந்து சில கிழமைகளில் அவளுடைய வலது கண் ஊறத் தொடங்கியது. விடிந்தால் இமைகள் மஞ்சள் பீளையில் ஒட்டிக் கிடக்கும். பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கும்போதே கன்னத்தில் தண்ணீர் வடியும். "புள்ளட கண் ஊறுது உம்மா" என்று ஸம்றா சொன்ன அன்றே மாமி தீர்ப்பு வழங்கிவிட்டார். ஊறுகிற கண் என்றால் கண்ணூறுதான், யாரோ கண்வைத்துவிட்டார்கள், வேறென்ன. செத்தல் மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார். ஓதின தண்ணீர் எடுப்பித்தார். கண்ணுக்குள் தாய்ப்பால் விடச் சொன்னார். சுர்மா மை போட வந்தபோது சப்ரி டப்பியைத் தூக்கி ஒளித்துவைத்தான். மாமி இன்னொரு டப்பி வாங்கினார்.

கல்முனையில் கண் டொக்டரிடம் காட்டப் போன நாளில் அவனால் கூடப் போக முடியவில்லை. மீன் நன்றாகப் படுகிற காலம். ஒரு பெக்டரியில் அமோனியா கசிந்து, வேலையாட்கள் எல்லாரும் ரோட்டில் நின்றார்கள். ஸம்றாவும் மாமியும் போய்வந்தார்கள். டொக்டர் சிங்களவராம், இளம் வயதாம், தெரிந்த தமிழில் தன்மையாகக் கதைத்தாராம். கண்ணீர் மூக்குக்குள் இறங்குகிற குழாய்க்கு அடியில் ஒரு சவ்வு இன்னும் திறக்கவில்லை. பல பிள்ளைகளுக்கு இருப்பதுதான். அநேகமாக ஒரு வயதுக்குள் தானாகத் திறந்துவிடும். திறக்காவிட்டால் மயக்கம் கொடுத்துக் கம்பி விட்டுத் திறக்க வேண்டிவரும். அதுவரைக்கும் நாளுக்கு நாலைந்து தரம் கண்மூலையிலிருந்து கீழே தடவ வேண்டும். தன்னுடைய மூக்கிலேயே விரலை வைத்து இழுத்துக் காட்டினாராம்.

"தடவவா?" என்று கேட்டான் சப்ரி.

"ஓம். தடவச் சொன்னாங்க."

அது அவனுக்குப் பிடிபடவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் மெல்லிய குழாய் அடைத்துக்கொண்டால் யாரும் அதை வெளியிலிருந்து தடவிக்கொடுப்பதில்லை. மேலிருந்து அமுக்கி அமத்தம் கொடுத்தால்தான் அடைப்பு விடும். சவ்வென்றாலும் அதுதானே நியாயம்? போனில் தேடிப் பார்த்தான். ஒரு வீடியோ அமத்து என்றது, இன்னொன்று மெதுவாகப் பிடித்துவிடு என்றது. எதற்கும் சொல்லிப் பார்ப்போம் என்று மாமியிடம் வாயைத் திறந்தான்.

"மகன், டொக்டரே தடவண்டு சொல்லியிரிக்காரு. இது ஐஸ் மிசின் இல்ல, புள்ளட கண்."

அதற்குமேல் கதைக்க அந்த வீட்டில் அவனுக்கு இடமில்லை. ஸம்றாவின் பக்கம் பார்த்தான். அவள் பிள்ளையின் பக்கம் பார்த்தாள். அவனுக்கும் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. ஸ்பேனர் பிடித்துக் காய்த்த விரல் அவனுடையது. விட்டுவிட்டான். தேங்காயெண்ணெய் தொட்டு, பூவிதழைத் தொடுவதுபோல, ஒவ்வொரு நாளும் அப்னாவின் மூக்கோரத்தைத் தடவினார்கள். பிள்ளை சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டது. கண் ஊறிக்கொண்டே இருந்தது.

கூட வேலை செய்கிற காரைதீவுக் கேதீஸ்வரன் ஒருநாள் குழாய்க்குப் பற்றுவைத்தபடி பகிடியாகச் சொன்னான்: "ஊர்ல உள்ள அடைப்பெல்லாம் எடுக்கிறாய் மச்சான். உன்ட வீட்டு அடைப்பு மட்டும் உனக்கு ஒப்பந்தம் கிடைக்கல்ல போல." சப்ரி சிரிக்கவில்லை. அந்தச் சொல் நாள் முழுக்க முள்ளாய்க் கிடந்தது.

பிறகு வரிப்பத்தான்சேனையில் இருந்த அவனுடைய உம்மாவின் சங்கதி வந்தது. அதைச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். வயலுக்குத் தேத்தண்ணி கொண்டுபோன உம்மா வரம்பில் சறுக்கி விழுந்தார். சப்ரி ஓடிப்போனான். "ஒண்டுமில்ல மகன், சுளுக்கு. எண்ணெய் தடவினாச் சரி" என்றார். அவன் தடவினான். அடுத்த நாளும் தடவினான். அதற்குப் பிறகுதான் வலி பொறுக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. இடுப்பெலும்பு உடைந்திருந்தது. மயக்கம் கொடுத்துச் செய்ய வேண்டிய சத்திரசிகிச்சை. அவன்தான் கையெழுத்து வைத்தான். உம்மா மயக்கத்திலிருந்து எழும்பவில்லை. வயது, இரத்த அழுத்தம், களைத்த இதயம் என்று விளக்கினார்கள். யாரிலும் பிழையில்லை. விழுந்த அன்றே கொண்டுவந்திருந்தால் என்று கேட்டான். சொல்ல ஏலாது என்றார் அந்த டொக்டர்.

உம்மாவை அடக்கிவிட்டு வந்த சப்ரியிடம் முன்பு இருந்த நாலு சொல்லும் இல்லாமல் போனது. வேலைக்குப் போனான், வந்தான். பிள்ளையின் கண்ணைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கணக்குத்தான்: ஒரு வயதுக்குள் திறக்காவிட்டால் மயக்கம். ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குக் கொடுத்து எழுப்புகிற மயக்கம்தான் என்பது அவனுக்குத் தெரியும். படித்தவன், விகிதம் விளங்கும். ஆனால் நெஞ்சு விகிதத்தைக் கேட்கவில்லை. மயக்கம் கொடுக்காமலே இந்தக் கண் திறக்க வேண்டும். அவனுக்கு வேண்டியது அந்த ஒன்றுதான்.

அப்னா சுவரைப் பிடித்து நிற்கத் தொடங்கிய காலத்தில், அடுத்த கிளினிக்குக்கு அவனே கூட்டிக்கொண்டு போனான். மாமியை வீட்டில் நிற்கச் சொன்னான். மாமிக்கு அது பிடிக்கவில்லை.

டொக்டர் பிள்ளையை ஸம்றாவின் மடியில் படுக்கவைத்தார். எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டார். ஸம்றா தடவிக் காட்டினாள். அவர் தலையை ஆட்டினார். "இல்ல அம்மா. மூலைல விரல் வெச்சி, தத கரலா, கீழ." சொல்லிக்கொண்டே தன் விரல் நுனியைக் கண்ணுக்கும் மூக்கெலும்புக்கும் நடுவில் வைத்து அமத்திக் கீழே இழுத்தார். அப்னா வீறிட்டாள். கண்மூலையிலிருந்து மஞ்சளாக ஒரு சொட்டுச் சீழ் மேலே எழும்பியது.

சப்ரிக்கு அந்தச் சொல் தெரியும். தத கரலா. சிங்களத்தில் அதற்கு இறுக்கி, நன்றாக அமத்தி என்று பொருள். அம்பாறையில் ஆணி முடுக்கும்போது ஆசிரியர் நாளுக்கு நூறு தரம் சொன்ன சொல். அன்றைக்கும் இதையேதான் சொன்னீர்களா என்று சிங்களத்தில் கேட்டான். இதையேதான் என்றார் அவர். ஏன் கேட்கிறான் என்று விளங்காமல் பார்த்தார்.

ஸம்றாவுக்குச் சிங்களம் தெரியாது. தத என்றது அவள் காதில் தடவு என்று விழுந்திருக்கிறது. அவர் மூக்கில் விரல் இழுத்துக் காட்டியதும் தடவுவதுபோலத்தான் இருந்திருக்கும். அமத்தம் கண்ணுக்குத் தெரிகிற சாமானா? ஒரு சொல்லுக்காக மாதக்கணக்கில் எண்ணெய் பூசியிருக்கிறார்கள்.

வெளியே பஸ் நிலையத்துப் பக்கம் நடந்தபோது அவனுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? டொக்டர் சரியாகச் சொல்லியிருக்கிறார். ஸம்றா கேட்டதைச் செய்திருக்கிறாள். அவனோ தெரிந்துகொண்டே வாயை மூடியிருந்திருக்கிறான்.

"எனக்குத் தடவண்டுதான் விளங்கிச்சு" என்றாள் ஸம்றா.

"ஓம்" என்றான்.

அன்றிலிருந்து அமத்துகிற வேலை அவனுடையதானது. ஸம்றா ஒரு தரம் செய்துபார்த்து, பிள்ளையோடு சேர்ந்து அழுதுவிட்டாள். மாமி அந்த நேரம் பார்த்துக் கிணற்றடிக்குப் போய்விடுவார். போகிறபோது, பிள்ளை வளர்த்துப் பழகாத கை என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லுவார். சப்ரி நகத்தை வெட்டினான். சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவினான். மூலையில் வைத்து அமத்தி, கீழே இழுத்தான். சீழ் வந்தது. துடைத்தான். மறுபடி அமத்தினான்.

கொஞ்சநாளில் பீளை குறைந்தது. தண்ணீர் நிற்கவில்லை. ஆனால் வேறொன்று நடந்தது. சவர்க்கார மணத்தோடு அவன் கிட்டப் போனாலே அப்னா முகத்தைத் திருப்பினாள். வேலையால் வருகிற மோட்டார் சைக்கிள் சத்தத்துக்குத் தவழ்ந்தோடி வந்த பிள்ளை, இப்போது அதே சத்தத்துக்கு மாமியின் சேலைக்குள் ஒளிந்தது. "பயந்த புள்ளய என்னத்துக்கு இன்னும் பயப்படுத்துறீங்க" என்றார் மாமி. சப்ரி அடுத்த நாளும் அமத்தினான்.

ஒரு வயது கடந்தது. கண் ஊறியபடியே இருந்தது. டொக்டர் பரிசோதித்துவிட்டு, இனிக் காத்திருப்பதில் பலனில்லை என்று நாள் குறித்தார்.

சப்ரி சிங்களத்தில் கேட்டான். முதல் நாளிலிருந்தே சரியாக அமத்தியிருந்தால் திறந்திருக்குமா?

அவர் யோசித்தார். திறந்திருக்கலாம், சில பிள்ளைகளுக்குச் சவ்வு தடிப்பாக இருக்கும், என்ன செய்தாலும் திறக்காது. "கியன்ன பே" என்றார்.

சொல்ல ஏலாது. இரண்டு பாஷையிலும் அவனுக்குக் கிடைத்தது அந்த ஒரே மறுமொழி.

குறித்த நாள் விடிய, வெறும் வயிற்றோடு அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாமியோடு மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மயக்கம் கொடுப்பதற்குச் சம்மதம் கேட்டு ஒரு தாதி தாளை நீட்டினார். சப்ரி பேனையை வாங்கினான். கையெழுத்து வைக்கிற இடம் தெரிந்தது. கை போகவில்லை. தாதி காத்திருந்தார். பின்னால் ஆட்கள் நின்றார்கள்.

ஸம்றா பேனையை அவன் விரலிலிருந்து மெதுவாக எடுத்தாள். தாதியிடம் ஒவ்வொரு வரியாகக் கேட்டாள். என்ன மருந்து, எவ்வளவு நேரம், எப்போது எழும்புவாள். விளங்காததைத் திரும்பக் கேட்டாள். அதையும் தமிழில் சொல்லவைத்தாள். பிறகு கையெழுத்து வைத்தாள்.

"நீங்க அங்கால போய் இரிங்க" என்றாள் அவனிடம்.

அவன் போய் இருந்தான். உம்மாவுக்காகக் காத்து உட்கார்ந்திருந்ததும் இப்படி ஒரு வாங்கில்தான். ஓத நினைத்தான், பாதியில் சொல் விட்டுப்போனது. மாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

உள்ளேயிருந்து வீறிடுகிற சத்தம் கேட்டது. அது அப்னாதான். இந்த ஒரு வருடத்தில் அவளுடைய எல்லா அழுகையும் அவனுக்கு அத்துப்படி. எழும்பினான்.

கம்பி இறங்கியது, தண்ணீர் விட்டுப் பார்த்தோம், மூக்கால் வந்தது என்றார் டொக்டர். பிள்ளையைக் கையில் தந்தார்கள். அரைமயக்கத்தில், கோபத்தில், வாயைப் பிளந்து அழுதது. மூக்கிலிருந்து தண்ணீர் கொட்டியது. இடது பக்கத்தைப் போலவே வலது பக்கத்திலும்.

மாமி எட்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"மூக்கு ஊத்துது, தடிமன் புடிச்சிட்டு. குளிர் அறைக்குள்ள வெச்சாப் புடிக்காதா? நான் அப்பவே சொன்னன். கொத்தமல்லி அவிக்கணும்."

கண்ணீர் இறங்க வேண்டிய வழியால் இறங்குகிறது என்று விளக்கலாம். குழாயைக் கீறியும் காட்டலாம். சப்ரி விளக்கவில்லை. தோளில் கிடந்த துணியை எடுத்தான். அவனுடைய கை கிட்ட வந்ததும் அப்னா பழக்கத்தில் முகத்தைத் திருப்பினாள்.

"மூக்கு மட்டுந்தான் மகள்" என்றான். "இனி மூக்கு மட்டுந்தான்."

அவள் நம்பவில்லை. அவன் துணியோடு காத்து நின்றான். அவனுடைய கன்னத்தில் வடிந்ததைத் துடைக்க இன்னொரு துணி இருக்கவில்லை.