மரப்பெரணியும் உப்புத்தாளும்

ரத்தப் பரிசோதனை லேப்பில் அவளுக்குப் பெயர் பூதக்கண்ணாடி. எதையும் இரண்டு முறை பார்க்காமல் விடமாட்டாள் என்பதால் கூட வேலை செய்கிறவர்கள் வைத்தது. அப்படிப்பட்டவளுக்கு, ஓடைக்கரையில் பார்த்த ஒரு மரத்தின் பெயர் தெரியாதது தொண்டையில் முள்ளாக நின்றது.

மரம் என்றால் மரமில்லை, பெரணி. ஈரச்சுவரின் இடுக்கில் முளைக்குமே, அந்தக் கூட்டம். ஆனால் இது ஓராள் உயரம். கருத்த தண்டு, உச்சியில் குடைபோல இலைகள். அவளிடமிருந்த புத்தகத்தில் எதோடும் ஒத்துப்போகவில்லை. சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் பக்கத்திலேயே குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். அந்த வரிசையில் நிற்பதெல்லாம் வெட்டுக்குப் போகும் என்று அதற்கு அர்த்தம்.

தாவரவியல் தோட்டத்தில் ஆராய்ச்சி செய்கிற ஓர் அம்மாவுக்குப் படங்கள் அனுப்பினாள். படத்தை வைத்துச் சொல்ல முடியாது, இலைக்காம்பின் அடியில் இருப்பது மயிரா செதிலா, செதில் என்றால் விளிம்பு எப்படி என்று பார்க்க வேண்டும், காம்பை அனுப்புங்கள், அபூர்வமானது என்றால் நானே பேசி வேலையை நிறுத்துகிறேன் என்று பதில் வந்தது. அடுத்த விடுமுறையில் இரண்டு பஸ் மாறிப் போய், ஓர் இலையை அடியோடு வெட்டிவந்தாள். மறுநாள் வேலை முடிந்து வந்து கூரியரில் போடலாம் என்று பின்கட்டில் சாய்த்துவைத்தாள்.

அங்கேதான் வந்தது வினை. அவள் கணவர் பெயிண்டர். பொருக்குத் தட்டிய எதைக் கண்டாலும் அவருக்குக் கை சும்மா இருக்காது. முதலில் சுரண்டு, அப்புறம் தேய் என்றே பிழைப்பு நடத்தியவர். சாயங்காலம் அவள் வந்தபோது, காம்பு உப்புத்தாளில் தேய்பட்டு, வார்னிஷும் பூசிக்கொண்டு ஆணியில் தொங்கியது. தரையைக்கூடக் கழுவிவிட்டிருந்தார்.

“ஒரே தூசும் தும்புமா இருந்துச்சும்மா. இப்பப் பாரு, எவ்வளவு லட்சணமா இருக்கு.”

அவள் கத்தவில்லை. கத்தினால் செதில் திரும்ப ஒட்டிக்கொள்ளுமா? இன்னோர் இலை வெட்டிவர வேண்டும். லேப்பில் விடுப்புக் கேட்டாள். ஆள் இல்லை என்று மேலாளர் கையை விரித்தார். விடுமுறை வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு ஓடினாள். கரை மொட்டையாகக் கிடந்தது. சரளைக்கல் குவியலில் ஓர் இலைகூட இல்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். தாழியை உடைத்தவரோ வீட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

குடித்துக்கொண்டே உள்ளங்கையைச் சொறிந்தார். கொஞ்ச நாளாகவே அரிக்கிறது, புதுப் பெயிண்ட் ஒத்துக்கொள்ளவில்லை போல என்றார். அவள் அந்தக் கையையே பார்த்தாள். மறுபேச்சில்லாமல் அவரை லேப்புக்கு இழுத்துப்போய், விளக்கடியில் கையை விரிக்கச் சொல்லி, தோலில் தைத்திருந்ததை இடுக்கியால் பிடுங்கினாள். மைக்ராஸ்கோப்பில் வைத்தால், பழுப்புச் செதில். விளிம்பு நெடுகக் கருத்த முள். படம் எடுத்து அனுப்பினாள்.

தோட்டத்து அம்மா உடனே கூப்பிட்டார். வாயில் நுழையாத ஒரு பெயரைச் சொல்லி, இந்தப் பக்கத்தில் இதை யாருமே பார்த்ததில்லை, நாளைக்கே வருகிறேன், மரம் எங்கே நிற்கிறது என்று கேட்டார். இவள் நடந்ததைச் சொன்னாள்.

போனை வைத்ததும் வீட்டுக்காரர் மெல்லக் கேட்டார். “பேரு கிடைச்சிடுச்சா?”

“கிடைச்சிடுச்சு. கூப்பிடத்தான் மரம் இல்ல.”

அவர் கையை மடக்கிக்கொண்டு தலையைக் குனிந்தார்.

“நீட்டுங்க,” என்றாள், இடுக்கியை எடுத்தபடி. “இன்னும் ரெண்டு உள்ள இருக்கு. மிச்சம் அவ்வளவுதான்.”