இரண்டு அணிக்கும் ஒரே ஸ்டான்பை கீப்பர்

1. பம்பு அறைக்கு வந்த கூப்பாடு

"சவரி அண்ணே! அந்த பூட்ஸ கழட்டுங்க! நீலத்துக்குக் கீப்பர் இல்ல!"

இந்தக் கூப்பாடு வந்தபோது நான் பம்பு அறையில் வால்வுக்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் கிரீஸ். மலேசியாவில், ஈப்போ நகரத்து ஹாக்கி அரங்கம் ஒன்றில் டர்ஃப் டெக்னீஷியனாக இருபத்திரண்டு வருடம் இருந்தவன் நான். செயற்கைப் புல்லுக்குத் தண்ணீர் அடிப்பதும் பம்பைப் பார்த்துக்கொள்வதும் என் வேலை. ஆட்டக்காரர்கள் 'தண்ணி அண்ணே' என்று கூப்பிடுவார்கள். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. பிறகு நானே போனில் அப்படிச் சொல்லிக்கொள்ளத் தொடங்கிவிட்டேன்.

சம்பளச் சீட்டில் இல்லாத இன்னொரு வேலையும் எனக்கு இருந்தது. எங்கள் கிளப் லீக்கில் ஸ்டான்பை கீப்பர் நான்தான். இப்போது டர்ஃப் வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் அதைப் பற்றிக் கேட்கிறார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் லீக்கின் செயலாளர் நடேசபிள்ளை ஐயா. தைப்பிங்கில் பிறந்து கனடாவில் படித்துவிட்டு வந்தவர். அங்கே ஐஸ் ஹாக்கியில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஓர் அவசர கீப்பரை உட்கார வைத்திருப்பார்களாம். பகலில் வேறு வேலை பார்க்கிற ஆள். எந்த அணியிலாவது இரண்டு கீப்பர்களும் விழுந்துவிட்டால், அந்த அணிக்கு அவர் இறங்குவார். ஐயா அதை அப்படியே இங்கே கொண்டுவந்துவிட்டார். ஐஸ் மட்டும்தான் இல்லை.

நான் இளவயதில் செமோர் பக்கம் எங்கள் தோட்டத்து அணிக்குக் கீப்பராக நின்றவன் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"சவரிமுத்து, நீர் எந்தப் பக்கத்துக்கும் ஆள் இல்லை. ரெண்டு பக்கத்துக்கும் பொது ஆள். விளங்குதோ?"

"விளங்குது ஐயா," என்றேன். நாற்பத்தாறு வயதில் என்னை யார் கூப்பிடப் போகிறார்கள் என்ற தைரியம்தான். நாலு வருடம் யாரும் கூப்பிடவும் இல்லை.

2. காலையில் அடி வாங்குகிற வேலை

ஆட்டத்தில் கூப்பிடவில்லையே தவிர, பயிற்சிக்குக் கூப்பிடாத அணி கிடையாது. காரணம் பெனால்டி கார்னர். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கோல் கோட்டிலிருந்து ஒருவன் பந்தை வெளியே தள்ளுவான், வட்டத்தின் விளிம்பில் ஒருவன் அதை நிறுத்துவான், இன்னொருவன் கோலை நோக்கிச் சுழற்றி வீசுவான். ஹாக்கிப் பந்து கல் மாதிரி இருக்கும். ஆட்டத்தன்று காலையில் அதை நாற்பது தடவை வீசிப் பழகுவார்கள். சொந்தக் கீப்பருக்கு விரல் உடைந்தால் மாலையில் யார் நிற்பது? ஆகவே என் விரல்.

எனக்கு அதில் வருத்தம் இல்லை, பெருமைதான். வெளி ஆட்கள் எல்லாரையும் கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டுத்தான் கார்னர் பழகுவார்கள். என்னை மட்டும் உள்ளே விடுவார்கள். ஏழு அணிகளின் கார்னர் ரகசியமும் எனக்குத் தெரியும். ஒன்றைக்கூட நான் வீட்டில் வாய் திறந்து சொன்னதில்லை. அந்த நம்பிக்கை ஒரு தடவை போனால் ஸ்டான்பை கீப்பர் என்ற வேலையே செத்துவிடும். என்னை மட்டும் இல்லை, எனக்குப் பின்னால் வருகிறவனையும் எவனும் உள்ளே விடமாட்டான்.

அரையிறுதி நடந்த சனிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சிவப்பு அணிக்கு நின்றேன். அணிகளின் பெயர் வேண்டாம், சட்டை நிறம் போதும். சிவப்பின் கோச் குமரேசன். யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாத மனிதர், ஆனால் கெட்டிக்காரர். அன்று புதிதாக ஒரு கார்னர் வைத்திருந்தார். அவர்களுடைய வீச்சுக்காரன் ஹஃபிஸ், வீசுவது போலக் குனிந்து ஏமாற்றிவிட்டு, பந்தைத் தள்ளியவனுக்கே திருப்பிக் கொடுத்தான். அவன் இடது கம்பத்தருகே ஓடிவந்து உள்ளே தட்டிவிட்டான். முதல் ஆறு தடவையும் நான் வலது பக்கம் விழுந்து கிடந்தேன்.

"அலாமாக்! அடேயப்பா, இது எப்ப கண்டுபிடிச்சீங்க கோச்?"

"சாயங்காலத்துக்குத்தான். ஒரே ஒரு தடவ அடிப்போம், அண்ணே. தேவப்பட்டா."

3. பேடு கட்டிய பத்து நிமிடம்

அன்று மாலை சிவப்பும் நீலமும் மோதின. நீலத்தின் இரண்டாவது கீப்பர் டெங்கிக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் இருந்தான். கடைசிக் கால்பகுதியில் நீலம் இரண்டுக்கு ஒன்று என்று முன்னால் நின்றபோது, முதல் கீப்பர் ஒருவனோடு மோதி விழுந்ததில் அவன் தோள் மூட்டு விலகிவிட்டது. அப்போதுதான் பம்பு அறைக்கு ஆள் ஓடிவந்தான்.

உடை மாற்றப் பத்து நிமிடம். பெஞ்சில் உட்கார்ந்து காலுக்குப் பேடு கட்டும்போது நீலத்தின் கேப்டன் பிரகாஷ் பக்கத்தில் வந்து குந்தினான். எனக்குத் தெரிந்த பையன், நல்ல பையன்.

"அண்ணே, காலையில அவனுங்களுக்கு நின்னீங்கல்ல? கார்னர் எப்படி அடிக்கிறானுங்க?"

நாலு வருடமாக இப்படி ஒரு நிலைமை வரும் என்று நானும் யோசிக்கவில்லை, ஐயாவும் யோசிக்கவில்லை. இரண்டு பக்கத்துக்கும் பொது ஆளை இரண்டு பக்கமும் பயிற்சிக்கு வைத்துக்கொண்டோம். இத்தனை பெரிய ஓட்டை எங்கள் கண்ணில் படவே இல்லை. சொன்னால் குமரேசனுக்குத் துரோகம். சொல்லாவிட்டாலும் என் காலுக்குத் தெரியுமே! கார்னர் வந்தால் அது தானாகவே இடது கம்பத்துக்குப் போகும். போகாமல் பிடித்து வைத்தால் நீலத்துக்குத் துரோகம். இந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு அதையும் செய்ய முடியாது.

"பேடு கட்டிக்கிட்டு இருக்கேன்லா, இரு," என்று சொல்லிச் சமாளித்தேன். அது கோழைத்தனம், ஒத்துக்கொள்கிறேன்.

கடைசி வாரை இழுத்துக் கட்டியதும் எழுந்தேன். கோலுக்குப் போகவில்லை. நேராகச் சிவப்பு அணியின் பெஞ்சுக்கு நடந்தேன்.

"கோச், நான் அவங்களுக்கு எறங்குறேன். காலையில உங்க கார்னர் முழுசும் பாத்துட்டேன். யாருகிட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். ஆனா எனக்குத் தெரியும். நீங்க மாத்துறதுன்னா மாத்திக்குங்க."

குமரேசன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மாத்துவேனோ, மாட்டேனோ. போங்கண்ணே."

திரும்பி வந்தால் பிரகாஷ் முகம் சிவந்து நிற்கிறான். "நம்ம சட்டையப் போட்டுக்கிட்டு அங்க போய்ப் பேசுறீங்களா?"

"பேசினேன். எனக்குத் தெரியும்னு மட்டும் சொன்னேன். உனக்கு என்ன செய்வேன்னா, என் ஒடம்ப பந்துக்கு முன்னால வைப்பேன். அதுல குறை வைக்க மாட்டேன்."

அவன் ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டான். ஆனால் ஒன்று நடந்துவிட்டது. குமரேசன் மாற்றுவாரா மாட்டாரா என்று இப்போது எனக்கே தெரியாது. கோலுக்கு நடக்கிற அந்தத் தூரத்தில் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது.

4. ஒரே ஒரு கார்னர்

மிச்சமிருந்த எட்டு நிமிடத்தில் இரண்டு பந்து வந்தது. ஒன்றை உதைத்தேன், இன்னொன்று என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு வெளியே போனது. மூச்சு வாங்கியது. மழை வேறு பிடித்துக்கொண்டது. கடைசி நிமிடத்தில் எங்கள் ஆள் ஒருவன் காலில் பந்து பட, நடுவர் கார்னர் கொடுத்தார். நேரம் முடிந்தாலும் கார்னரை அடித்து முடித்த பிறகுதான் ஆட்டம் முடியும்.

ஹஃபிஸ் குனிந்தான். ஏமாற்றா, வீச்சா? எனக்குத் தெரியவில்லை. தெரியாதவன் செய்கிற ஒரே காரியத்தைச் செய்தேன்: நடுவில் நின்றேன், முழங்காலை மடக்கினேன், கண்ணைத் திறந்து வைத்தேன். அவன் வீசிவிட்டான். நேர் வீச்சு, வலது பக்கம், இடுப்பு உயரம். கையை நீட்டினேனா, கை தானாகப் போனதா, சத்தியமாகச் சொல்லத் தெரியாது. பந்து கிளவ்ஸில் பட்டுக் கம்பத்துக்கு வெளியே தெறித்தது. விசில்.

பிரகாஷ் ஓடிவந்து ஹெல்மெட்டோடு என் தலையைக் கட்டிக்கொண்டான். கோபமெல்லாம் மழையோடு போய்விட்டது. பையன்கள் கூத்தாடினார்கள். நான் சிவப்பு பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குமரேசன் கை கொடுக்க வந்தார். கை கொடுத்தார். ஆனால் கையை விடவில்லை.

"நீங்க வந்து சொன்னதாலதான் மாத்தினேன். நீங்க நடுவுலதான நின்னீங்க, மாத்தாம இருந்திருந்தா கோல், தெரியுமா? காலையில நீங்க ஆறு தடவ விழுந்தீங்க."

"தெரியும் கோச்."

"வாய மூடிக்கிட்டு எறங்கியிருக்கலாமே, அண்ணே."

சொல்லிவிட்டுக் கையை விட்டார். அவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார். ஜெயித்த அணியின் கீப்பர் பம்பு அறையில் தனியாக உட்கார்ந்து, பாதியில் விட்ட வாஷரை மாட்டினான். இனிமேல் எந்த அணியும் என்னைக் கார்னருக்கு நிறுத்தாது என்று நினைத்தேன். இந்தப் பழக்கத்தை நானே கெடுத்துவிட்டேன்.

5. மறுநாள் எட்டு மணி

ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். காலையில் சிவப்பு அணிக்குப் பயிற்சி நேரம். நான் ஏழு மணிக்கே வந்து தண்ணீர் அடித்துவிட்டு, பம்பு அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே அவர்கள் வெளி ஆட்களைக் கேட்டுக்கு அப்பால் அனுப்பும் சத்தம் கேட்டது. நானும் போகத்தான் வேண்டும் என்று சாவிக்கொத்தை எடுத்தேன்.

யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தேன். குமரேசன் நின்றார், அதே முகம்.

"பேடு எங்க?"

"கோச், நேத்து..."

"நேத்து ராத்திரி யோசிச்சேன். 'எனக்குத் தெரியும்'னு நேரா வந்து சொல்ற ஆளு முன்னால நான் எதயும் பழகலாம். சொல்லாம வச்சிருக்கிறவன் முன்னாலதான் பழக முடியாது. புதுசா ரெண்டு கார்னர் இருக்கு. வாங்க."

ஆண்பிள்ளை அழக்கூடாது என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். நான் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

நடேசபிள்ளை ஐயா பிறகு விதியில் ஒரு வரி சேர்த்தார்: ஸ்டான்பை கீப்பர் எந்த அணிக்கு இறங்கினாலும், முதலில் எதிர் அணியின் கோச்சிடம் போய், தான் பார்த்ததைச் சொல்லிவிட்டுத்தான் கோலுக்குப் போகவேண்டும். எனக்குப் பின்னால் வந்த இரண்டு பேரும் அப்படித்தான் செய்கிறார்கள். தம்பிகளே, நீங்கள் பார்க்கிற வேலையிலும் இரண்டு பக்கத்து விஷயமும் ஒரு நாள் உங்கள் கையில் வந்து சேரும். யாருக்கு அது வலிக்குமோ அவரிடம் முதலில் போய்ச் சொல்லிவிடுங்கள். நஷ்டம் வரலாம். அன்று குமரேசனுக்கு வந்தது. ஆனாலும் அவர்தான் மறுநாள் என் கதவைத் தட்டினார்.