மூன்றாம் பாகத்தின் கடைசிப் பக்கம்

கதை விடுகிறான் என்பீர்கள். என்றாலும் சொல்லிவிடுகிறேன். தேதி, மணி எல்லாம் அன்றே கிராஃப் தாளின் ஓரத்தில் குறித்து வைத்தவை.

1986, ஜூலை 19, சனிக்கிழமை. இலஞ்சி. விடாத சாரல்.

கிச்சா என் கூட்டாளி. அவன் மாமா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டர் அவர்கள் வீட்டு மாடியில் இருந்தது. அதில் நாங்கள் ஆடியது ஒரே விளையாட்டு. ஆறு வீரர்கள் பாதாளக் குகைக்குள் இறங்க வேண்டும். போகிற வழியை நாமே கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரைந்துகொள்ள வேண்டும். முன்னால் போகிற வீரனுக்குக் கிச்சா என்று பேர். அடுத்தவன் சங்கரா, அதாவது நான். மற்ற நாலு பேருக்கும் வாய்க்கு வந்த பேர்.

வீரன் செத்தால் அது கம்ப்யூட்டரில் செருகியிருக்கும் டிஸ்கில் பதிவாகிவிடும். அதற்கு நாங்கள் ஒரு கள்ளத்தனம் வைத்திருந்தோம். சாகப்போகிற நொடியில் டிஸ்கை உருவிவிடுவோம். சாவு பதிவாகாது. அந்த விளையாட்டின் முதல் இரண்டு பாகங்களையும் இந்த லட்சணத்தில்தான் முடித்தோம்.

அன்று மூன்றாம் பாகம் தபாலில் வந்தது. பழைய வீரர்களையே அதிலும் இறக்கலாம். கிச்சா துண்டை எடுத்துக்கொண்டு குற்றாலத்துக்குச் சைக்கிளில் கிளம்பினான்.

"எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சிட்டு ஆறு மணிக்கு வந்திருதேன். அதுக்குள்ள ஆரம்பிச்சிராத லே."

"மாட்டேன். போலே."

எனக்கா கை சும்மா இருக்கும்? 4.20க்கு ஆரம்பித்துவிட்டேன். கூட வந்த சின்னப் புத்தகத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

ஒவ்வோர் அடிக்கும் கம்ப்யூட்டர் 'டிக்' என்னும். அன்று 'சளப்' என்றது. மழையாக இருக்கும் என்று ஜன்னலைச் சாத்தினேன்.

சளப்... சளப்...

4.45. குகையில் எதிரே ஒன்றுமில்லை. பூதம்கூட இல்லை. ஆனால் திரையில் வீரன் கிச்சாவின் உயிர் எண் மட்டும் இறங்கியது. அது பூஜ்யமானால் சாவு. 38... 25... 11...

கையை எடுத்தேன். அப்போதும் இறங்கியது.

4...

2...

டிஸ்கை உருவினேன்.

மணி 4.47. கிச்சாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கே சிரிப்பு வந்தது.

6.10. மாடிப்படியில் சத்தம்.

சளப்... சளப்...

கிச்சா கதவருகே நின்றான். தலை சொட்டியது. எண்ணெய் வாடை. கையில் வாட்ச் இல்லை. என்னைப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரையே பார்த்தான்.

"ஏன்லே உருவினே?"

திரும்பி இறங்கிப் போய்விட்டான்.

நான் யாரிடமும் சொல்லவில்லையே...

பின்னாலேயே ஓடினேன். படியில் ஒரு சொட்டு ஈரமில்லை. கீழே அவன் அம்மா வாலாம்பாள் மாமி விளக்கேற்றிக்கொண்டிருந்தாள்.

"கிச்சாவ இன்னும் காணலையேடா?" என்றாள்.

6.30. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் பலவேசம் அண்ணாச்சி ஓடிவந்தார். கையில் கிச்சாவின் வாட்ச்.

"திடீர்னு வெள்ளம் வந்துட்டு தம்பி... கண்ணு முன்னாலயே இழுத்துட்டுப் போயிட்டு. குளிக்கப் போகையில குடுத்த வாட்ச்சு இது. இதுலதான் மணி பாத்தேன். நாலு நாப்பத்தேழு."

பதினோரு நாள் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. மாமி காரியம் செய்ய விடவில்லை. "வெளியில போயிருக்கான். வருவான்" என்றாள். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

பன்னிரண்டாம் நாள் அந்தப் புத்தகத்தைப் பிரித்தேன். கடைசிப் பக்கத்தில் ஆங்கிலத்தில் இருந்ததன் சாரம் இது:

'இந்த மூன்றாம் பாகத்தில் விதி மாறியிருக்கிறது. செத்தவரைத் தேடித் தூக்கி வரலாம். ஆனால் நடுவில் டிஸ்கை உருவினால், உள்ளே இருந்தவர்கள் சாகவும் மாட்டார்கள், திரும்பவும் மாட்டார்கள். நடந்துகொண்டே இருப்பார்கள்.'

உள்ளே இருந்தவர்கள்.

கிச்சா மட்டுமில்லை... அவனுக்கு அடுத்து சங்கரா.

இது 1989. இந்த மூன்று வருஷத்தில் ஒன்பது ஊர் மாறிவிட்டேன். எங்கும் உட்கார முடியவில்லை. கால் நிற்பதில்லை.

வெயில் காலத்தில்கூட எனக்கு ஓரடி முன்னால் அந்தச் சத்தம் போகிறது.

சளப்... சளப்...