காதில் சொன்னவரும் மைக்கில் சொன்னவரும்

எங்கள் தெருவில் மைக்செட் கடை வைத்திருப்பவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வெண்கலம் என்றால்தான் தெரியும். அவர் குரல் அப்படி. கடைக்குள் நின்று அவர் பேரம் பேசினால் எதிர்வரிசை மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்து நியாயம் சொல்வார். நான் பக்கத்துக் கடை, தையல். எனக்கு இன்னும் காது கேட்பதே பெரிய விஷயம்.

இன்று தலைவர் என்று ஊரே எழுந்து நிற்கிற ஆள், அப்போது சைக்கிள் கடை நடத்திக்கொண்டிருந்தார். முதல் தடவை வார்டுக்கு நின்றபோது வெண்கலத்தின் ஆட்டோவையும் குழாய் ஸ்பீக்கரையும் வாடகைக்கு எடுத்தார். மைக்கைப் பிடித்து அவரே பேசியும் பார்த்தார். அந்தக் கீச்சுக் குரலைக் கேட்டுத் தெருப்பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. மனிதருக்கு முகம் செத்துப்போயிற்று. பார்த்துக்கொண்டிருந்த வெண்கலத்துக்குத் தாங்கவில்லை.

"நீங்க விஷயத்தைக் காதுல சொல்லுங்கண்ணே. மீதியை நான் பாத்துக்கறேன்" என்று மைக்கை வாங்கிக்கொண்டார்.

அன்றைக்கு ஆரம்பித்தது. ஆட்டோவின் பின்சீட்டில் இரண்டு பேரும் ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள். தலைவர் குசுகுசு என்று காதில் சொல்வார், வெண்கலம் முழங்குவார். தலைவர் வார்டு உறுப்பினரானார், நகராட்சித் தலைவரானார், சட்டசபைக்கும் போனார். எல்லாம் இந்தத் தொண்டையால் வந்தது என்று நான் சொன்னால் வெண்கலத்துக்குக் கோபம் வரும். "மூளை அவரோடது, நான் வெறும் குழாய்" என்பார். அப்படித் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்.

வெண்கலத்துக்கு உறவு என்று இருந்தது ஒரே தங்கை. பின்தெருவில் வாழ்க்கைப்பட்டவள். அவள் புருஷன் குடிநீர் ஆபீசில் ஸ்டோர் கீப்பர், எதிர்க்கட்சி ஆள். தலைவர் பச்சைக்கொடி என்றால் மாப்பிள்ளை நீலக்கொடி. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் மச்சானும் மாப்பிள்ளையும் கட்சிச் சண்டை போடுவார்கள். தங்கை கரண்டியை ஓங்கியதும் அடங்கிவிடுவார்கள். அந்த வீட்டுக்கு ஒரு மாடி எடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. கை வளையல்களைக் கழற்றி அண்ணனிடம்தான் கொடுத்தாள். வெண்கலமே நகைக்கடைக்குப் போய் விற்று வந்து கொடுத்தார். மாடி எழும்பியது.

தலைவர் சட்டசபைக்கு முதல் தடவை நின்றபோது போட்டி கடுமை. ஆட்டோ பின்தெருவுக்குள் நுழைந்து தங்கை வீட்டு வாசலுக்கு வந்தபோது தலைவர் நிறுத்தச் சொன்னார். காதில் ஏதோ சொன்னார். வெண்கலம் மைக்கைக் கீழே இறக்கிவிட்டார்.

"அண்ணே, இது என் தங்கச்சி வீடு."

"தெரியும். கட்சின்னு வந்துட்டா அண்ணன் தங்கச்சியெல்லாம் அப்புறம்தான். நீ யார் பக்கம்? இப்பச் சொல்லிடு."

வெண்கலம் மைக்கைத் தூக்கினார். "தண்ணித் தொட்டிக்கு வந்த சிமெண்டு எங்க போச்சு? எந்த வீட்டு மாடியா நிக்குது? இதோ நிமிந்து பாருங்க, ஜனங்களே!"

ஜனங்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மாடியில் தங்கை ஈரத்துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கையில் துணியோடு அப்படியே நின்றாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தலைவர் ஜெயித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வெண்கலம் என் கடையில் உட்கார்ந்து பொட்டலச் சாப்பாடு சாப்பிட ஆரம்பித்தார். சாப்பிடும்போது அந்த ஆள் பேசவே மாட்டார். இப்படியே வருஷங்கள் ஓடின.

போன தேர்தலில் தலைவர் தோற்றார். கொஞ்ச நாள் வெளியே தலைகாட்டவில்லை. பிறகு ஒரு நாள் வெண்கலத்துக்கு ஆள் அனுப்பினார்: மைதானத்தில் கூட்டம், செட்டு மட்டும் போட்டால் போதும், பேச வேண்டாம். அதே மேடைக்குத் துணி கட்டும் வேலை எனக்கும் வந்திருந்தது, நீலக்கட்சி ஆபீசிலிருந்து. நான் நீலத்துணியை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தபோது வெண்கலம் ஒயர் சுருளோடு வந்து நின்றார்.

"இடம் மாறி வந்துட்டனா?" என்று கேட்டார்.

இடம் சரிதான். ஆள்தான் கட்சி மாறியிருந்தார். தலைவர் காரிலிருந்து இறங்கி, வெண்கலத்தைப் பார்க்காமலே மேடை ஏறினார். முதல் மாலை போட்டது யார் என்கிறீர்கள்? மாப்பிள்ளை.

தலைவர் மைக்கின் முன் நின்றார். அதே கீச்சுக் குரல். இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஒரு தடவை பதவியில் இருந்துவிட்டால் குரலும் அழகாகிவிடும் போலிருக்கிறது.

"இந்தக் கட்சியைப் பத்தி என் வாயில இருந்து ஒரு தப்பான வார்த்தை வந்திருக்கா? நீங்களே சொல்லுங்க. மைக்கு கெடச்சா சில பேருக்கு நாக்கு நிக்காது. வாடகைக்கு வந்த வாய். அதுக்கு நான் என்ன பண்றது?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பாவி, பொய்கூடச் சொல்லவில்லையே! ஒரு வார்த்தைகூட அவர் வாயிலிருந்து வந்ததில்லைதான். ஆம்ப்ளிஃபயரை அணைக்கச் சொல்லி வெண்கலத்துக்குக் கையைக் காட்டினேன். அவர் கை திருகில்தான் இருந்தது. தலைவரின் குரல் கொஞ்சம் தேய்ந்ததும், அந்தக் கை பழக்கதோஷத்தில் சத்தத்தை ஏற்றிவைத்தது. "வாடகை வாய்" ஊர் முழுக்கக் கேட்டது.

மறுநாள் சாயங்காலம் வெண்கலம் தங்கை வீட்டுக்குப் போனார். தனியாகப் போகப் பயந்து என்னையும் இழுத்துக்கொண்டு போனார். இனிமேல் என்ன தடை, எல்லாரும் ஒரே கட்சி என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். கதவைத் திறந்தவள் வாசலிலேயே நின்றாள்.

"அன்னிக்கு மைக்குல சொன்னதெல்லாம் தலைவர் சொல்லச் சொன்னதும்மா" என்றார்.

"அவரு காலையில வந்தாரு. டீ போட்டுக் குடுத்தேன். அவரு வெளியாளு. மாடி எப்படி வந்துச்சுன்னு அவருக்குத் தெரியாது. வளையலை வித்துட்டு வந்தது யாரு?"

வெண்கலம் ஏதோ முனகினார். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை.

"என்ன?"

"மன்னிச்சிடும்மா."

"அன்னிக்கு ஊருக்கே கேக்கற மாதிரி சொன்னீல்ல? இதையும் அப்படியே சொல்லு" என்று கதவைச் சாத்தினாள்.

விடிந்ததும் ஆட்டோ மேல் குழாய் ஏறியது. கூடவே ஓடினேன். அதே வாசலில் வண்டியை நிறுத்தி, பின்சீட்டில் தனியாக உட்கார்ந்து மைக்கைப் பிடித்தார். பழக்கத்தில் தலை ஒருபக்கம் சாய்ந்தது, யாரோ காதில் சொல்லப்போவதுபோல. யாரும் சொல்லவில்லை.

"ஜனங்களே, இந்த மாடி என் தங்கச்சி வளையல்ல கட்டினது. வித்துக் குடுத்தவன் நான். தெரிஞ்சே பொய் சொன்னேன். சொல்லச் சொன்னவரு..."

மாப்பிள்ளை பனியனோடு ஓடிவந்து மைக்கைப் பொத்தினார்.

"மச்சான், போதும் மச்சான்! தலைவர் பேரை இழுக்காதீங்க. இப்பதான் எனக்கு ஒரு பொறுப்பு தர்றதாச் சொல்லியிருக்காரு. பழசைக் கெளறி என்ன ஆகப்போவுது?"

திருட்டுப்பட்டம் சுமந்தவர் அவர்தான். அதைத் துடைக்கிற வாயைப் பொத்துகிறவரும் அவர்தான். தெருவில் ஒரு ஜன்னல் பாக்கியில்லாமல் திறந்திருந்தது. வெண்கலம் மைக்கை விடவுமில்லை, பிடுங்கவுமில்லை. மாடியைப் பார்த்தார்.

தங்கை கைப்பிடிச்சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். முதலில் புருஷனைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

"அவரு கையை எடுத்து விட்டுட்டு, நீ பேசுண்ணா" என்றாள்.