இன்ஸ்பெக்டருக்கு நான் காட்டிய மரியாதை

எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கென்று இருந்தது ஒரே ஒரு சட்டம்தான். படிக்காமல் ஊர் சுற்றினால்கூட அப்பா பொறுத்துக்கொள்வார். வெளியாளிடம் தமிழில் பதில் சொன்னால் மட்டும் பொறுக்கமாட்டார். தபால்காரர், ரேஷன்காரர், கரண்டு ஆபீசிலிருந்து வருகிறவர், யாராக இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு மலையாளத்தில்தான் பேச வேண்டும். அதிலும் காக்கி போட்டிருந்தால், கையில் ஒரு ரெஜிஸ்டர் வைத்திருந்தால், இரட்டை மரியாதை. நாஞ்சில் நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள் நாங்கள். அந்தக் காலத்தில் ரெண்டும் ஒரே ராஜ்யம்தான் என்றாலும் திருவனந்தபுரம் அவர்கள் ஊர், அவர்களை நமக்காக நாக்கை வளைக்க வைக்கக்கூடாது என்பது அப்பாவின் கட்சி. சாலைக் கடைத்தெருவில் இருபது வருஷம் கணக்கெழுதியவருக்கு அந்த நியாயம் பிடிபடாமல் போகுமா?

எனக்கு ஏழு வயதிருக்கும்போது ரேஷன் கார்டைப் பார்க்க ஒரு ஆபீசர் வந்தார். அப்பா எங்கே என்று கேட்டார். விளையாட்டு மும்முரத்தில் நான், "அப்பா கடைக்குப் போயிருக்காரு" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்து என் தொடைச் சதையைத் திருகி ஒரு நுள்ளு நுள்ளியது. அம்மாடி, அது என்ன நுள்ளு! உயிரே போய்விட்டது. ரெண்டு நாளைக்கு அந்த இடம் நாவல்பழம் மாதிரி கறுத்துக் கிடந்தது. நுள்ளியது அத்தை.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. எங்கள் கூடத்தான் கரமனையில் இருந்தாள். மாமாவுக்குப் பொன்முடியில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் குமாஸ்தா வேலை, மாதம் ஒருதரம் மலையிறங்கி வருவார். நல்ல மனுஷன், சத்தம் போட்டுத் தும்மக்கூட மாட்டார். அத்தையை அங்கே கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தார். அத்தைதான் போகவில்லை. "அங்க போயி அட்டைக்கு ரெத்தம் கொடுத்துக்கிட்டு இருக்கவா?" என்பாள். விஷயம் அட்டை இல்லை. அத்தை டிரெயினிங் முடித்த டீச்சர். பொன்முடியில் அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. இங்கே இருந்தது. அவளுக்குப் பிள்ளையும் இல்லை. அதனால் ராத்திரி அவள் பக்கத்தில் படுக்கிற உரிமை எனக்கு வந்து சேர்ந்திருந்தது. அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

பள்ளிக்கூடம் ஆற்றுக்குப் போகிற வழியில் இருந்தது. சர்க்கார் கிராண்ட் கொடுக்கும், ஐந்து பேர் கொண்ட ஒரு கமிட்டி நடத்தும். ஓட்டுக் கட்டிடம் மலையாளப் பிள்ளைகளுக்கு. அதை ஒட்டி நீளமாக ஒரு ஓலைக் கொட்டகை, நடுவில் ஒரு மூங்கில் தட்டி. தட்டிக்கு இந்தப் பக்கம் தமிழ் டிவிஷன். ரெண்டு, மூணு, நாலு என்று மூன்று கிளாசுக்கும் ஒரே டீச்சர், எங்கள் அத்தை. அவள் ஒரு கிளாசுக்குக் கணக்குப் போட்டுக்கொடுத்துவிட்டு, இன்னொன்றுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து, மூன்றாவதைக் கண்ணாலேயே அடக்கிவைத்திருப்பாள்.

கமிட்டிக்கு மானேஜர் சாலையில் பாத்திரக்கடை வைத்திருந்த ஒரு பெரியவர். பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் தமிழின் பெருமையைப் பற்றி முக்கால் மணிநேரம் குறையாமல் பேசுவார், நாங்கள் வெயிலில் மயங்கி விழுவோம். அவருடைய பேரன்கள் மூன்று பேரும் தட்டிக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் படித்தார்கள். அவரை மட்டும் குற்றம் சொல்வானேன், என் அண்ணனையும் அப்பா அங்கேதான் போட்டிருந்தார். ஆண்பிள்ளைக்கு நாளைக்குச் சர்க்கார் உத்தியோகம் வேண்டும், பெண்பிள்ளைக்குத் தமிழ் போதும் என்று ஊரே ஒரு முடிவுக்கு வந்திருந்தது. ஆகவே எங்கள் டிவிஷனில் இருபத்தாறு பெண்பிள்ளைகளும், மலையாளப் பக்கத்தில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய மூன்று தடியன்களும் இருந்தோம்.

இப்படி இருக்கும்போது மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. தமிழ் டிவிஷனில் பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள், தனியாக ஒரு டிவிஷனும் டீச்சரும் அவசியமா என்று இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பார்ப்பார், அதன் பிறகே கிராண்ட் என்று அதில் எழுதியிருந்ததாம். மானேஜர் வீட்டுக்கே வந்து அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அத்தை சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். டிவிஷன் போனால் வேலை போகும், வேலை போனால் பொன்முடிதான் என்று அம்மா அடுக்களையில் அப்பாவிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. அத்தை மலைக்குப் போய்விட்டால் நான் யார் பக்கத்தில் படுப்பேன்? அன்றே தீர்மானம் செய்துகொண்டேன், இன்ஸ்பெக்டர் மெச்சும்படி நடந்து, அத்தையைப் பிடித்துவைத்துக்கொள்வது என் பொறுப்பு என்று. எட்டு வயதில் எவ்வளவு பெரிய பொறுப்பு பாருங்கள்!

மூன்று வாரம் அத்தை எங்களைப் பிழிந்து எடுத்துவிட்டாள். பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும். ஆறுகள், மலைகள், செய்யுள், அதன் பொருள். நகம் வெட்டியிருக்கிறதா, தலையில் எண்ணெய் இருக்கிறதா, எல்லாம் பார்த்தாள். ஆபீசர் உள்ளே வந்தால் எப்படி எழுந்திருப்பது, கேட்டால் எப்படிக் கையைக் கட்டிக்கொண்டு பதில் சொல்வது என்று அவளே இன்ஸ்பெக்டராக வாசல் வழியே வந்து வந்து காட்டினாள். மூன்று தடியன்களும்கூட எட்டாம் வாய்ப்பாடு வரைக்கும் வந்துவிட்டார்கள். அத்தை சொல்லித்தராதது ஒன்றே ஒன்றுதான். அதைச் சொல்லித்தர வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

இன்ஸ்பெக்டர் வெள்ளைக் கோட்டும் முண்டுமாக வந்தார். சாந்தமான முகம். மலையாளி. நாங்கள் இருபத்தொன்பது பேரும் ஒரே ஆள் மாதிரி எழுந்தோம், ஒரே ஆள் மாதிரி உட்கார்ந்தோம். அத்தை முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. அவர் நாற்காலியில் உட்காராமல் எங்கள் பெஞ்சுக்கே வந்து, என் முன்னால் குனிந்து, தமிழில் பேச ஆரம்பித்தார். நாகர்கோவிலில் ரெண்டு வருஷம் வேலை பார்த்தாராம், அங்கே படித்த தமிழாம். ஆற்றில் வழுக்குப்பாறையில் கால்வைத்து நடப்பது மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகத் தடவித் தடவி வைத்தார். "பாப்பா, உன்றெ அப்பா... எந்த வேலை... எடுக்குறார்?" என்று கேட்டு முடிப்பதற்குள் அவர் நெற்றி வேர்த்துவிட்டது.

எனக்கு ஐயோ என்று ஆகிவிட்டது. எவ்வளவு பெரிய ஆபீசர்! அவரைப் போய் எங்களுக்காக நாக்கை வளைக்க வைத்துவிட்டோமே! கையில் ரெஜிஸ்டர் வேறு. தொடையில் அந்தப் பழைய நுள்ளு விழுந்த இடம் தானாகவே சுருக்கென்றது. எழுந்து கையைக் கட்டிக்கொண்டு தெளிவாகச் சொன்னேன்.

"அச்சன் சாலையில் ஒரு கடையில் கணக்கெழுதுகயாணு, சார்."

மனுஷனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. தலைச்சுமையை இறக்கி வைத்தவர் மாதிரி மூச்சுவிட்டு, அவரும் மலையாளத்துக்கு மாறினார். அவ்வளவுதான், நான் காட்டிய வழியில் கிளாஸ் முழுக்கப் புறப்பட்டுவிட்டது. எல்லார் வீட்டிலும் அதே சட்டம்தானே! வாய்ப்பாடு கேட்டார், மலையாளத்தில் சொன்னோம். தமிழில் மனப்பாடம் செய்த ஆறுகளையும் மலைகளையும் நின்ற நிலையில் மலையாளமாக்கிக் கொடுத்தோம். ஒரு பாட்டுப் பாடச் சொன்னார். தட்டிக்கு அந்தப் பக்கம் தினமும் காலையில் பாடுகிற மலையாளப் பிரார்த்தனைப் பாட்டு எங்களுக்கும் காதுவழியாகவே பாடம். ஒரு சுருதி பிசகாமல் பாடினோம். தடியன்களில் ஒருவன் கண்ணைமூடித் தாளம்கூடப் போட்டான்.

அத்தை இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் நின்றிருந்தாள். என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள், உதட்டை அசைத்தாள், தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். கை சரியாகக் கட்டவில்லை போலிருக்கிறது என்று நினைத்து நான் இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, இன்னும் உரக்க மலையாளம் பேசினேன்.

இன்ஸ்பெக்டர் மனம் நிறைந்து நிமிர்ந்தார். இவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளைகளை இந்தச் சுற்றில் எங்கேயும் பார்க்கவில்லை என்று அத்தையிடம் சொன்னார். கோட்டுப் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து என்னிடம் கொடுத்தார். ஒரு முனை சிவப்பு, ஒரு முனை நீலம். ஆபீசர்கள் மட்டும் வைத்திருக்கிற பென்சில்! அப்புறம் பள்ளிக்கூடத்து இன்ஸ்பெக்ஷன் புத்தகத்தில் ஒரு பக்கம் நிறைய எழுதிவிட்டுப் போனார். மானேஜர் அதை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார். டீச்சரின் உழைப்பு, பிள்ளைகளின் ஒழுக்கம், சுத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. கடைசி ரெண்டு வரியை மட்டும் வாசிக்காமல் புத்தகத்தை மூடிவிட்டார். பிள்ளைகளுக்கு மலையாளத்தில் நல்ல தேர்ச்சி இருப்பதால் தமிழுக்கென்று தனி டிவிஷன் அவசியமில்லை என்று அங்கே எழுதியிருந்ததாம். இது எனக்கு எத்தனையோ வருஷம் கழித்து அப்பா சொல்லித்தான் தெரியும்.

அன்றைக்கு நான் தரையில் கால் பாவாமல் வீட்டுக்கு ஓடினேன். பென்சிலை அம்மாவிடம் காட்டினேன், அண்ணனுக்குத் தூரத்திலிருந்து காட்டினேன். அத்தை மெதுவாக வந்து சேர்ந்தாள். என்னைக் கூப்பிட்டுத் தன் முன்னால் நிறுத்தினாள்.

"மக்கா, அவரு தமிழ்லதானே கேட்டாரு?"

"ஆமா அத்தே. பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டாருல்லா? அதான் நான் மலையாளத்துல சொன்னேன்."

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்து நானும் சேர்ந்து சிரித்தேன். அப்பா வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார். "விடுங்க அண்ணே, பிள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க. நாமதானே வளர்த்தோம்" என்றாள் அத்தை. எதற்கு என்னைச் சொல்ல வேண்டும், பென்சில் வாங்கியதற்கா என்று எனக்கு ரோஷமாக இருந்தது.

அந்தப் பெரிய லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது தட்டி இல்லை. நாங்கள் ஓட்டுக் கட்டிடத்துக்கு ஏறிவிட்டோம். கொட்டகையில் விறகு அடுக்கியிருந்தார்கள். கமிட்டி கூடி அத்தைக்கு ஒரு மாலை போட்டது. மானேஜர் தமிழைப் பற்றி அன்றைக்கு ஒரு மணிநேரம் பேசினார். மாமா மலையிறங்கி, ஒரு பொட்டலம் தேயிலையோடு வந்தார். சந்தோஷத்தை மறைக்கப் படாத பாடு பட்டார், பாவம். அவர் கூப்பிட்டுக் கூப்பிட்டு அத்தைக்குக் கடைசியில் மனம் இரங்கிவிட்டது என்றே நான் எடுத்துக்கொண்டேன். என்னுடைய வேலையை நான் ஒழுங்காகத்தானே செய்திருந்தேன்? பென்சிலே சாட்சி. எனக்கு அத்தைமேல்தான் கோபம். இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிக் கொடுத்த வேலையை விட்டுவிட்டுப் போகிறாளே! மூன்று ராத்திரி அம்மாவிடம் போய்ப் படுத்தேன்.

ஆனாலும் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு வழியனுப்பப் போனேன். போகாமல் முடியுமா? விதுரா வரைக்கும் பஸ், அதற்கு மேல் எஸ்டேட் லாரி. அப்பாவும் மாமாவும் டிரங்குப் பெட்டியை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் பஸ்ஸுக்குள் ஏறி ஜன்னலோரம் அத்தையை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. சிவப்பு நீலப் பென்சிலை அவள் கையில் வைத்து, அங்கே பிள்ளைகள் கிடைத்தால் இதில் மார்க் போடுங்கள் என்றேன். அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்போது கண்டக்டர் வந்தார். சர்க்கார் பஸ், காக்கிச் சட்டை. எங்கே போக வேண்டும் என்று மலையாளத்தில் மரியாதையாகத்தான் கேட்டார். என் அத்தை, என்னைவிட நூறு மடங்கு நன்றாக மலையாளம் பேசுகிற அத்தை, தலையை நிமிர்த்தி, முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு உரக்க, "விதுராவுக்கு ரெண்டு டிக்கெட் கொடுங்க" என்று தமிழில் சொன்னாள்.

எனக்கு மானம் போய்விட்டது. ஒரு சர்க்கார் ஆளிடம், அதுவும் காக்கி போட்டவரிடம்! அத்தைக்கு என்ன ஆயிற்று, புத்தி கித்தி கலங்கிவிட்டதா? நான் சட்டென்று கையை முந்தானைக்கு அடியில் விட்டு அவள் தொடையில் என் பலத்தையெல்லாம் திரட்டி ஒரு நுள்ளு நுள்ளினேன். பிறகு கண்டக்டரைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு, "விதுரய்க்கு ரண்டு டிக்கெட்டாணு, சார்" என்று அவள் சார்பில் மலையாளத்தில் சொன்னேன்.

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். முதலில் சிரித்தாள். அப்புறம் என்னைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஏங்கி ஏங்கி அழ ஆரம்பித்தாள். கண்டக்டர் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். நான் பயந்துபோய்விட்டேன்.

"ரொம்ப நுள்ளிட்டேனா அத்தே? வலிக்கா?" என்று கேட்டு, அந்த இடத்தைத் தடவிக் கொடுத்தேன்.